8 மாசக் குழந்தை தவழ ஆரம்பிச்சாச்சு, வீட்டுல முதல்ல எதைக் கவனிக்கணும்?

காட்பாடி அம்மா: கீழ்த்தள வாடகை வீடு. சுவர்ல ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சத்துவாச்சாரி அக்கா: தண்ணியிலிருந்து ஆரம்பிம்மா. பக்கெட்ல அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி இருந்தாலே ஆபத்து. இந்த வயசுல தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவுந்தா தானா நிமிர முடியாது, சத்தமும் வராது. நம்ம ஊர்ல பிடிச்சு வைக்காம முடியாது, அதனால அண்டாவுக்கு இறுக்கமான மூடி போட்டு, பாத்ரூம் கதவை எப்பவும் வெளியே தாழ் போட்டு வை. வெயில் காலத்துல ஏர் கூலர் தொட்டியும் இதே கணக்குதான்.

வயரிங் தெரிஞ்சவர்: தரைக்குப் பக்கத்து பிளக் பாயிண்ட்டுக்கு மூடி போடுங்க. மூணு துளையும் மறையணும். விரல்ல இழுத்தா கழண்டு வர்ற மூடி வேண்டாம், அதையே வாயில போட்டுக்கும். மெயின் பலகையில 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க, டெஸ்ட் பட்டனை மாசம் ஒருமுறை அழுத்தினா டிரிப் ஆகணும். கொசு மருந்து மெஷினை உயரத்துக்கு மாத்திடுங்க.

காட்பாடி அம்மா: சமையலறை வாசலுக்கு?

சத்துவாச்சாரி அக்கா: ஆணி இல்லாம இருபக்கமும் அழுத்தி நிக்கிற கேட் போதும். மாடிப்படி உச்சிக்கு மட்டும் அது ஆகாது, சாய்ஞ்சா நழுவும்.

ராணிப்பேட்டை நர்ஸ்: ரிமோட்ல போடுற, காசு மாதிரி சின்ன பட்டன் பேட்டரியை யாரும் சொல்லலையே! விழுங்கினா 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, தேனும் கொடுக்காதீங்க, ஒரு வயசுக்குள்ள அது கூடாது, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. ரிமோட் மூடியை இன்னைக்கே டேப் ஒட்டுங்க. வசம்பு வளையலையும் கழட்டிடுங்க, நூல் நைஞ்சா துண்டு தொண்டையில அடைக்கும்.