சொந்தக் கட்சி மேலேயே மனசு விட்டுப்போன ஓட்டர்ஸை நேர்ல பார்த்திருக்கீங்களா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

மிச்சிகன், கேன்டன்ல இருந்து

2024 பிப்ரவரில நடந்தது. இன்னிக்கு வரைக்கும் உறுத்திட்டே இருக்கு, அதான் நானே ஆரம்பிக்கறேன்.

நான் சிட்டிசன் ஆனதுல இருந்து டெமாக்ரட்தான். 2020-ல கோவிட் நேரத்துல வீட்ல உக்காந்து பைடனுக்காக நூத்துக்கணக்கா போன் போட்டவன். அதனால 2024 ப்ரைமரிக்கும் வாலண்டியரா போனேன், வீடு வீடா தட்டி பைடனுக்கு ஓட்டு கேக்கற வேலை, அரபு மக்கள் நிறைய இருக்கற டியர்போர்ன்ல ஒரு தெரு குடுத்தாங்க, எங்க வீட்ல இருந்து ஃபோர்டு ரோட்டைப் புடிச்சு நேரா போனா அரை மணி நேரம்கூட ஆகாது.

ப்ரைமரினா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம ஊர்ல வேட்பாளர் யாருன்னு தலைமை லிஸ்ட் விடும், தொண்டன் அதுக்கு அப்புறம் போஸ்டர் ஒட்டணும், அவ்ளோதான். இங்க ஓட்டரே கட்சிக்குள்ள ஓட்டு போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கறாங்க. மிச்சிகன்ல எந்தக் கட்சிலயும் முன்னாடியே பதிவு பண்ணியிருக்க வேண்டாம், பூத்ல போய் எந்தக் கட்சி சீட்டு வேணும்னு எழுதிக் குடுத்தா போதும். அந்த சீட்டுல வேட்பாளர் பேரோட "அன்கமிட்டட்"னு ஒரு கட்டமும் இருக்கும், அதாவது நான் இந்தக் கட்சிதான் ஆனா இந்தப் பேர்ல யாருக்கும் என் சம்மதம் இல்லனு சொல்றது. காசா போர்ல பைடன் எடுத்த நிலைப்பாட்டுக்கு எதிர்ப்பு காட்ட அந்தக் கட்டத்துல டிக் பண்ணுங்கனு அங்க பெரிய பிரச்சாரமே நடந்துட்டு இருந்துச்சு, காங்கிரஸ் உறுப்பினர் ரஷீதா தலைப் அம்மாவே வெளிப்படையா சொன்னாங்க.

நான் தட்டின ஒரு வீட்ல அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா. பாலஸ்தீன குடும்பம், முப்பது வருஷமா டெமாக்ரட். வாசல்லயே நிக்க வச்சுப் பேசாம உள்ள கூப்பிட்டு ஏலக்காய் போட்ட காபி குடுத்தாங்க. நான் குழுவுல சொல்லிக்குடுத்த மாதிரியே ஆரம்பிச்சேன், 2016-ல மிச்சிகன்ல ட்ரம்ப் ஜெயிச்சது வெறும் 10,700 ஓட்டு வித்தியாசத்துல, நீங்க அன்கமிட்டட்னு போட்டா மறுபடி அதேதான் நடக்கும்னு. அவங்க கோவப்படவே இல்ல. "10,700 தான் வித்தியாசம்னா முதல்ல எங்ககிட்டதானே வந்து பேசியிருக்கணும்"னாங்க. எனக்கு பதில் வரல. அப்புறம் போனை எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பைக் காட்டினாங்க. காசாவுல கான் யூனிஸ்ல இருக்கற அண்ணன் பொண்ணுக்கு அவங்க அனுப்பின மெசேஜ் எல்லாம் வரிசையா ஒத்த டிக்கோட நிக்குது, எத்தனையோ நாளா, ஒண்ணுக்குக்கூட ரெண்டாவது டிக் விழல.

நான் ஏதோ ஆறுதல் சொல்லிட்டு வெளிய வந்தேன். ஒவ்வொரு வீட்டையும் பத்தி பிரச்சார ஆப்ல ஒரு நம்பர் பதிவு பண்ணணும். 1-னா உறுதியான ஆதரவு, 5-னா உறுதியான எதிர்ப்பு. எங்க ஆளுதான் ஆனா எங்க வேட்பாளர் மேல வருத்தம்னு சொல்றதுக்கு அதுல ஒரு நம்பர் இல்ல. அடுத்த வீட்டுக்குப் போற அவசரத்துல 5 போட்டேன். முப்பது வருஷம் கட்சிக்கு ஓட்டு போட்டவங்களை எதிரினு குறிச்சது வேற யாரும் இல்ல, நான்தான்.

பிப்ரவரி 27 ராத்திரி ரிசல்ட் வந்துச்சு. பிரச்சாரம் பண்ணவங்க வெளிய சொன்ன இலக்கு 10,000 ஓட்டு, விழுந்தது 1 லட்சத்துக்கு மேல, 13 சதவீதத்துக்கும் கொஞ்சம் ஜாஸ்தி. டியர்போர்ன்ல பைடனையே அன்கமிட்டட் முந்திடுச்சு. நான் டிவி முன்னாடி உக்காந்துட்டு அந்த காபியைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

உங்களுக்கு இப்படி யாரையாவது பார்த்த அனுபவம் இருந்தா எழுதுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்ல.

பென்சில்வேனியா, பக்ஸ் கவுண்ட்டில இருந்து

நான் பார்த்தது அந்தப் பக்கத்து ஆளு, ரிபப்ளிகன். பக்கத்து வீட்டுத் தாத்தா, ஸ்டீல் மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவர், 1980-ல ரீகனுக்குப் போட்டதுல இருந்து கட்சி மாறினதே இல்ல. எங்க ஸ்டேட்ல கட்சில பதிவு பண்ணவங்க மட்டும்தான் அந்தக் கட்சி ப்ரைமரில ஓட்டு போடலாம், நான் எதுலயும் பதிவு பண்ணலங்கறதால வேடிக்கை மட்டும்தான்.

2024 ஏப்ரல் 23. ரிபப்ளிகன் ப்ரைமரில ட்ரம்பை எதிர்த்து நின்ன நிக்கி ஹேலி மார்ச் 6-லயே போட்டில இருந்து விலகிட்டாங்க, பேரு மட்டும் சீட்டுல இருந்துச்சு. தாத்தா காலைல சட்டையில ஓட்டு போட்டதுக்குக் குடுக்கற ஸ்டிக்கரோட வந்தாரு, யாருக்குப் போட்டீங்கனு கேட்டா ஹேலிக்குன்னாரு. விலகினவங்களுக்கு எதுக்குப் போடணும்னு கேட்டேன். 2021 ஜனவரி 6 அன்னிக்கு ட்ரம்ப் ஆளுங்க நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்ததை டிவில பார்த்தேன், அதை என்னால மறக்க முடியல, ஆனா கட்சியையும் விட முடியல, இது என் வீடு, வேற யாரோ குடி வந்துட்டாங்கனு நான் எதுக்கு வெளிய போகணும்னாரு. அன்னிக்கு ஹேலிக்கு 1.5 லட்சத்துக்கு மேல ஓட்டு, கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு, விலகி ஏழு வாரத்துக்கு அப்புறம்! இவரை மாதிரி அத்தனை பேரு இருந்திருக்காங்க.

மே மாசம் ஹேலியே ட்ரம்புக்குத்தான் என் ஓட்டுன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் பார்த்தா, தோட்டத்துல நட்டு வச்சிருந்த ஹேலி போர்டு கராஜ் சுவத்துல திருப்பி சாத்தியிருந்துச்சு. அதைப் பத்தி அவரும் பேசல நானும் கேக்கல. ரொம்ப நல்ல மனுசன், அந்த வாரம் முழுக்க வெளியவே வரல.

நியூ ஜெர்சியில இருந்து

தம்பி, நீங்கள் எழுதின அந்த ஒத்த டிக் விசயத்தை வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் செய்யேலாமல் இருந்திட்டன். 2009 ஏப்ரல் மே மாசங்களில, வன்னியில கடைசி யுத்தம் நடக்கேக்க, எங்களுக்கு வாட்ஸ்அப் இல்லை. சித்தியின்ர போனுக்கு அடிச்சுக்கொண்டே இருப்பம், மணி போகும், பிறகு அதுவும் போகாமல் விட்டுது. அந்த நேரம் வாஷிங்டனில வெள்ளை மாளிகைக்கு முன்னால போய் நிண்டனாங்கள். உள்ளுக்கு இருந்தது நாங்கள் ஆசைப்பட்டு வென்று வரோணும் எண்டு நினைச்ச ஒபாமாதான்.

அதால 2024 ஜூன் 4 ப்ரைமரியில நான் பைடனுக்குப் போடேல்ல. எங்கட சீட்டில அன்கமிட்டட் எண்டதோட "பலஸ்தீனத்துக்கு நீதி, நிரந்தரப் போர்நிறுத்தம் இப்பவே" எண்டு ஒரு வரியும் இருந்தது, அதுக்குப் போட்டனான். மகன் அண்டைக்கு என்னோட கதைக்கேல்ல, அம்மா நீங்கள் ட்ரம்புக்கு உதவி செய்யிறியள் எண்டு கோவம். பிறகு பைடன் விலகி கமலா ஹாரிஸ் வேட்பாளரா வந்தா, நவம்பரில அவவுக்குத்தான் போட்டன். ஜூனில போடேக்க கை நடுங்கேல்ல, நவம்பரிலதான் நடுங்கினது.

மிச்சிகன், கேன்டன்ல இருந்து

அக்கா, இதைப் படிச்சதுக்கு அப்புறம் மேல எழுதாம விட்டதையும் சொல்லிடறேன்.

ஆகஸ்ட்ல சிகாகோல கட்சி மாநாடு நடந்துச்சு இல்லையா, அன்கமிட்டட் ஓட்டுக்காரங்க சார்புல டெலிகேட்ஸ், அதாவது பிரதிநிதிங்க, சுமார் 30 பேர் போயிருந்தாங்க, மிச்சிகன்ல இருந்து ரெண்டு பேர். அவங்க கேட்டதுல ஒண்ணு, ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு மேடைல சில நிமிஷம். கிடைக்கல. அரங்கத்துக்கு வெளிய ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாங்க. நான் அதை வீட்ல இருந்து பார்த்துட்டு, அந்த சில நிமிஷத்தைக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்னு இன்னிக்கும் கேட்டுட்டு இருக்கேன்.

அக்டோபர்ல மறுபடி டியர்போர்ன் போனேன், அதே தெரு, ஆனா லிஸ்ட்ல அந்த அம்மா வீடு இல்ல. 5 போட்ட வீட்டை எல்லாம் எடுத்துட்டாங்க. லிஸ்ட்டை முடிச்சுட்டு நானா போய் தட்டினேன். ஞாபகம் வச்சிருந்தாங்க. பிப்ரவரிக்கு அப்புறம் உங்க பக்கத்துல இருந்து வர்ற முதல் ஆள் நீங்கதான்னாங்க. இந்த தடவை நான் பேசல, ஒரு மணி நேரம் கேட்டுட்டு மட்டும் இருந்தேன். நான் போட்ட நம்பரைப் பத்தி சொல்லி மன்னிப்பு கேட்டேன், அவங்க கையைப் புடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம இருந்தாங்க.

நவம்பர்ல டியர்போர்ன்ல ட்ரம்புக்கு 42 சதவீதம், ஹாரிசுக்கு 36, கிரீன் கட்சி ஜில் ஸ்டைனுக்கு 18. அதுல அந்த அம்மா ஓட்டு எதுல இருக்குனு நான் கேக்கல. அக்டோபர்ல அவங்க வீட்ல இருந்து கிளம்பும்போது அண்ணன் பொண்ணைப் பத்தி மட்டும்தான் கேட்டேன். இன்னும் ஒத்த டிக்தான்னாங்க, தினமும் காலைல ஒண்ணு அனுப்பிட்டுதான் இருக்காங்களாம்.