குளிர்கால அரண்மனையின் பச்சை யார் கொடுத்தது?

நெவாக்கரை:
"ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையைப் பேரரசி கேத்தரின் பச்சையாகக் கட்டினார், இன்றுவரை அப்படியே நிற்கிறது" என்று 'மதில்மேல்' என்பவர் இங்கே நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. கட்டச் சொன்னவர் எலிசவெத்தா பேரரசி. 1754இல் வேலையைத் தொடங்கியவர் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி. வேலை முடியுமுன் பேரரசி இறந்துபோக, 1762இல் முதலில் குடிவந்தது மூன்றாம் பீட்டர். அதே ஆண்டில் அவரைக் கவிழ்த்துவிட்டு வந்த அவர் மனைவி கேத்தரின், ரஸ்த்ரெல்லியை ஓரங்கட்டி உள்ளறைகளை வேறு ஆட்களிடம் கொடுத்தார். அப்புறம் அந்தப் பச்சை! ரஸ்த்ரெல்லி சுவருக்குக் கேட்டது மணல் நிறத்தில் வெளிர் மஞ்சள், அலங்காரங்களுக்கு வெள்ளை. பச்சை இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அடித்தது.

மதில்மேல்:
நான் நேரில் போய்ப் பார்த்தவன். நெவா ஆற்றுப் பக்கம், சதுக்கத்துப் பக்கம் இரண்டும் பச்சை. வீட்டில் உட்கார்ந்து புத்தகம் புரட்டுகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நெவாக்கரை:
நீங்கள் பார்த்தது இன்றைய பூச்சு. 1917 அக்டோபரில் அங்கே நின்றிருந்தால் செங்கல் சிவப்பைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கல்தச்சன்:
சிவப்பா? அது 1917 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் அடித்ததாயிற்றே.

நெவாக்கரை:
தப்பு. ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் காலத்திலேயே அடித்தாகிவிட்டது. போல்ஷெவிக்குகள் உள்ளே நுழையும்போதே அது சிவப்பு. சரி மதில்மேல், மஞ்சளுக்குப் பதில் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
பெயின்டை விடுங்கள் ஐயா. 1837 டிசம்பர் தீயில் அரண்மனையின் உள்ளலங்காரமெல்லாம் சாம்பல். ஜார் முதலாம் நிக்கோலாஸ் ஒன்றேகால் வருஷத்தில் திரும்பக் கட்டி முடி என்று விரட்டினார். சுவர் காய வேண்டுமென்று உறைபனிக் காலத்தில் அறைகளை அடுப்பாகச் சூடேற்றி வேலை வாங்கியதில் ஆட்கள் செத்தார்கள் என்று 1839இல் வந்த பிரெஞ்சுப் பிரபு குஸ்தீன் எழுதியிருக்கிறார். அதைப் பேச ஆளில்லை, நிறத்துக்கு மல்லுக்கட்டு!

நெவாக்கரை:
குஸ்தீன் ரஷ்யா மேல் கசப்போடு எழுதியவர். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்க முடியாது.

கல்தச்சன்:
செத்தவனுக்குக் கசப்பு இல்லையா? உங்களுக்கு அரசர்கள் மேல் ஒரு கீறல் விழக்கூடாது. பிரான்சின் வெர்சாய் அரண்மனை பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள்.

மதில்மேல்:
அதேதான். வெர்சாய் விவாதத்தில் என்னை முட்டாள் என்றார், இன்னும் மறக்கவில்லை.

நெவாக்கரை:
முட்டாள் என்று எழுதவில்லை, படித்துவிட்டு வாருங்கள் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன். தீக்குப் பிறகு ஜோர்டான் படிக்கட்டு என்கிற முதன்மைப் படிக்கட்டைக் கட்டடக் கலைஞர் ஸ்தாசவ் ரஸ்த்ரெல்லியின் அமைப்பிலேயே மீட்டார், ஆனால் மேலே நிற்கும் சாம்பல் நிறக் கருங்கல் தூண்கள் அவர் வைத்தவை. மலாக்கைட் என்னும் பச்சைக் கல் பதித்த அறை முழுக்க இன்னொரு கட்டடக் கலைஞர் பிரியுல்லவின் கைவேலை. 'அப்படியே நிற்கிறது' என்பது எங்கே போயிற்று? நிறமும் நிற்கவில்லை, தூணும் நிற்கவில்லை.

சாளரம்:
மலாக்கைட் அறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டு அறையில்தானே ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசின் அமைச்சர்களைப் போல்ஷெவிக்குகள் 1917இல் கைது செய்தார்கள்? அங்கே கடிகாரத்தை 2017 வரை 2:10இல் நிறுத்தி வைத்திருந்தார்களாமே?

நெவாக்கரை:
ஆமாம், அதே அறை. ஆனால் பேச்சை மாற்ற வேண்டாம். மதில்மேல் மஞ்சளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதில்மேல்:
பச்சை. என் கைபேசியில் படம் இருக்கிறது, இப்போதே ஏற்றட்டுமா?

நெவாக்கரை:
ஏற்றுங்கள். 1762இல் எடுத்த படமாக இருந்தால் ஏற்றுங்கள்.