அசமன்பாடு: போட்டுப் பாத்தா சரியா வருது, ஆனா விடைப்பகுதியில வேற இருக்கு

நாகலூர் அக்கா:

வணக்கம்ங்க. எங்க தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். ஸ்கூல் விட்டு ஏற்காட்டுல பஸ் பிடிச்சு வீடு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிருது, அதுக்கு மேல மலை இறங்கி சேலத்துக்கு டியூசன் அனுப்ப வழியில்லை. நான் பி.காம். முடிச்சவ, தெரிஞ்ச வரைக்கும் கூட உக்காந்து சொல்லிக் கொடுக்கறேன். இப்ப அசமன்பாட்டுல நிக்கறோம். (போன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கு, அதனால எக்ஸுக்குப் பதிலா க போடறேன்.)

கணக்கு: (க + 3) / (க − 2) ≥ 2

தம்பி குறுக்கே பெருக்கி க + 3 ≥ 2க − 4 எழுதினான். அதுல இருந்து க ≤ 7. சரிபார்க்க 5 போட்டான், 8/3 வந்துச்சு, 2ஐ விடப் பெரிசு. 7 போட்டான், 10/5, சரியா 2. ரெண்டும் பொருந்துதுன்னு பக்கத்துல டிக் போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டான். விடைப்பகுதியில பாத்தா 2 < க ≤ 7. அந்த 2 எங்கிருந்து வந்துச்சுங்க? போட்டுப் பாத்தும் தப்பா வருதுன்னா, பின்ன எப்படித்தான் சரிபார்க்கறது?

அம்மாப்பேட்டை டியூசன் டீச்சர்:

கண்ணு, நீ கடைசியா கேட்டிருக்கியே, அதைத்தான் எல்லாப் பிள்ளைங்களும் கேக்கணும்னு நான் நினைக்கிறேன். முதல்ல தம்பியை 0 போட்டுப் பாக்கச் சொல்லு. 0ம் 7ஐ விடச் சின்னதுதானே? 3/(−2), அதாவது −1.5. அது 2ஐ விடப் பெரிசா? இல்லை. ஒரே எண்ணுல க ≤ 7 விழுந்திருச்சு.

சமன்பாட்டுக்கு விடை ஒண்ணோ ரெண்டோ எண்ணா வரும், போட்டுப் பாத்தா தப்பானது அங்கயே மாட்டிக்கும். அசமன்பாட்டுக்கு விடை எண்கோட்டுல ஒரு நீளம். அதுக்குள்ள ஒரு எண்ணைத் தொட்டுப் பாத்து சரியா வந்தா, அந்த ஒரு எண் சரி, அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் அது சாட்சி சொல்லாது. தம்பி உள்ள இருக்கற எண்களை மட்டும் பாத்தான். நாம வேண்டாம்னு தள்ளின எண்கள் நிஜமாவே தோக்குதான்னும் பாக்கணும்.

இப்ப அந்த 2. குறுக்கே பெருக்கறதுன்னா ரெண்டு பக்கத்தையும் (க − 2)ஆல பெருக்கறது. குறை எண்ணால பெருக்கினா குறி திரும்பிரும்: 3 < 5, ஆனா −3 > −5. க என்னன்னே தெரியாதப்ப (க − 2) மிகையா குறையான்னு யார் சொல்ல முடியும்? தம்பி குறியைத் திருப்பாம விட்டதால, அது மிகைனு எடுத்துக்கிட்டதா ஆகுது. அப்படின்னா க > 2ங்கற நிபந்தனையும் கூடவே வந்திருக்கணும்.

கீழ தறி ஓடிட்டிருக்கும், மாடியில நான் கத்திக் கத்தி சொல்றது இதுதான்: பெருக்காதீங்க, எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வாங்க. 2ஐ இந்தப் பக்கம் கொண்டு வந்தா (7 − க)/(க − 2) ≥ 0. தொகுதி 7ல பூச்சியம், பகுதி 2ல பூச்சியம். அந்த ரெண்டு இடத்துல எண்கோட்டை வெட்டினா மூணு துண்டு. துண்டுக்கு ஒரு எண் எடுத்து, மாத்தி எழுதின வரியில இல்லாம கேள்வியில இருக்கற கணக்குலயே போடணும். இல்லைனா நடுவுல செஞ்ச கூட்டல் கழித்தல் தப்பு கண்ணுல படாமயே போயிரும். 0 போட்டா −1.5. 3 போட்டா 6. 8 போட்டா 11/6, அதாவது 1.83. நடுத்துண்டு மட்டும் நிக்குது.

அப்புறம் முனைகள். கணக்கெல்லாம் சரியா செஞ்சுட்டு இங்க மார்க்கை விடற பிள்ளைங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. 7 போட்டா சரியா 2 வருது, குறியில சமமும் இருக்கு, அதனால 7 சேரும், கெட்டிப் புள்ளி வை. 2 போட்டா பகுதி பூச்சியம், அங்க மதிப்பே கிடையாது, வெறும் வட்டம். >, < ரெண்டும் தாமஸ் ஹாரியட்டோட புத்தகத்துல 1631ல அச்சேறின குறிகள். கீழ கோடு போட்டு சமத்தையும் சேர்த்தது பியர் பூகே, 1734ல. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் தேவைப்பட்டுச் சேர்த்த கோடு அது, அதைத் தனியா ஒரு தடவை போட்டுப் பாத்திரணும்.

அஞ்சு ரோடு ஜெராக்ஸ்:

டீச்சர் சொன்ன முனை விஷயம் எங்க கடையில தினமும் வர்றதுதான். நாங்க பக்கத்துக்கு 1 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் 30 ரூபாய். எதிர்க்கடையில பக்கத்துக்கு 1.50, பைண்டிங் சும்மா. எத்தனை பக்கத்துக்கு எங்ககிட்ட லாபம்னு காலேஜ் பசங்க கேப்பாங்க. 30 + க < 1.5க, அதனால க > 60. சரியா 60 பக்கம்னா ரெண்டு இடத்துலயும் 90 ரூபாய், யார்கிட்ட போட்டாலும் ஒண்ணுதான். 61 பக்கத்துக்கு எங்ககிட்ட 91, அங்க 91.50. பக்கம் முழு எண்ணாத்தான் வரும்ங்கறதால 61ல இருந்து எங்க கடை. 59க்கும் போட்டுப் பாருங்க: இங்க 89, அங்க 88.50.

நாகலூர் அக்கா:

ரொம்ப நன்றிங்க டீச்சர், அண்ணாவுக்கும் நன்றி. தம்பி 0 போட்டதுமே புரிஞ்சுக்கிட்டான். அடுத்த கணக்கு (க + 1)/(க − 3) < 2. பெருக்காம (7 − க)/(க − 3) < 0 வரைக்கும் வந்துட்டான். 0, 4, 8 போட்டதுக்கு −0.33, 5, 1.8. நடுத்துண்டு போயிருச்சு, ரெண்டு ஓரமும் நிக்குது. 7ல சரியா 2 வர்றதால 7 சேராது, 3ல பகுதி பூச்சியம். விடையை 7 < க < 3னு எழுதியிருக்கான். சரிங்களா?

அம்மாப்பேட்டை டியூசன் டீச்சர்:

கணக்கு முழுக்க சரி, கண்ணு. 7ஐ விட்டது எனக்கு ரொம்ப சந்தோசம். எழுதினது மட்டும் மாறணும். 7 < க < 3னா, க 7ஐ விடப் பெரிசாவும் 3ஐ விடச் சின்னதாவும் ஒரே நேரத்துல இருக்கணும். அப்படி ஒரு எண்ணும் கிடையாது. எழுதின விடையிலயும் 0 போட்டுப் பாக்கச் சொல்லு: 7 < 0ங்கறது பொய், ஆனா 0 இந்தக் கணக்குக்குப் பொருந்தற எண்ணாச்சே. க < 3 அல்லது க > 7, இப்படித்தான் எழுதணும். இடைவெளியா எழுதினா (−∞, 3) ∪ (7, ∞), எல்லா அடைப்பும் வளைவுதான்.

அடுத்து |2க − 5| ≤ 3 கொடு. அதுல விடை ஒரே துண்டா வரும், ஏன் 'அல்லது' வரலைன்னு அவனையே சொல்லச் சொல்லு. செஞ்சதை இங்க எழுதுங்க, நான் பாக்கறேன்.