மறுவீட்டுச் சொதியை அத்தைக்காக இப்போது வைக்கலாமா?

பாளையங்கோட்டை வாசகி:
பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது ஏற்பட்ட மனத்தாங்கலால் அத்தை பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவுடன் வருவதாக இப்போது சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அப்பா, "சொதி வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் இந்தத் தேங்காய்ப்பால் குழம்பு விருந்து இதற்குப் பொருந்துமா? பன்னிரண்டு பேருக்கு வைக்கும்போது தேங்காய்ப்பால் திரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

டவுன் ஆச்சி:
நன்றாகப் பொருந்தும், அம்மா. பெண்ணைக் கொடுத்த வீடு அவளையும் அவள் கணவரையும் உட்காரவைத்து இலை போடுவதுதான் மறுவீட்டுச் சொதி. அந்த உரிமை பாகப் பத்திரத்தோடு முடிந்துவிடவில்லை என்று உங்கள் அப்பா தம் தங்கையிடம் சொல்ல நினைக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முற்றிய தேங்காய் நான்கு எடுத்து, மூன்று பாலையும் தனித்தனியே பிழிந்து வையுங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் ஆகியவற்றை மூன்றாம் பாலில் வேகவிட்டு, அரைத்த இஞ்சி பச்சை மிளகாயையும் குழைய வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். முதற்பால் ஊற்றியபின் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கிற பாலில் புளிப்பு விழுந்தால் திரிந்துவிடும் என்பதால், சூடு சற்றுத் தணிந்த பிறகே எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும். தேங்காய்ப்பால் செரிக்க அதுதான் துணை.

தென்காசிக்காரன்:
சமையலில் ஆச்சி சொன்னதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர்களாக வருவது வேறு, நாம் அழைத்து வருவது வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் நேரில் போய் அழைத்து, அத்தை கையால் ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டு வரட்டும். எங்கள் உறவில் நடந்த இதுபோன்ற ஒரு விருந்து, பந்தியிலேயே ஒருவர் பத்திரப் பேச்சை எடுத்ததால் பாதியில் கலைந்தது. ஆகவே அன்று வீட்டையும் வயலையும் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். அத்தை இலையிலும் மாமா இலையிலும் அப்பாவே சொதி ஊற்றட்டும்.

பாளையங்கோட்டை வாசகி:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நாளைக் காலையிலேயே அம்மாவுடன் அம்பாசமுத்திரம் போவதாகச் சொல்கிறார்கள். ஆச்சி, மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உருளைக்கிழங்கைக் குறைக்கலாமா?

டவுன் ஆச்சி:
தாராளமாகக் குறைக்கலாம். பீன்ஸையும் முருங்கைக்காயையும் கூட்டிக்கொள்ளுங்கள்; சோற்றை அளவாக வைத்து, காயை நிறைய அள்ளி வையுங்கள்.