ஞாயிறு பகல் கோளரங்கம், ராத்திரி மொட்டை மாடி

(மந்தைவெளி அடுக்ககக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு)

புதன், பிப்ரவரி 11, 2026

கீதா பி2: நம் பிளாக் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை. யார் யார் வருகிறீர்கள்?

ஷாஹின் பி3: போன மாதம்தானே ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போனார்கள்?

கீதா பி2: அதை ஏன் கேட்கிறீர்கள். மூன்று செக்ஷனை ஒரே பஸ்ஸில் அடைத்து, போய்ச் சேரவே லேட். அவசர அவசரமாக ஒரு இங்கிலீஷ் காட்சிக்குள் தள்ளிவிட்டு, வெளியே வந்ததும் ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட். என்னடா பார்த்தாய் என்று ஆதியிடம் கேட்டால் "ஏசி நன்றாக இருந்தது" என்கிறான்.

ஷாஹின் பி3: நிலோஃபர் வந்து சொன்னது, பின்னால் இருந்தவன் சீட்டை உதைத்துக்கொண்டே இருந்தான் என்பது மட்டும்தான்.

கார்த்திக் சி3: இதற்காகக் கோட்டூர்புரம் வரை போக வேண்டுமா? போனில் ஆப் இருக்கிறது. வானத்துக்கு நேராகப் பிடித்தால் பேரோடு சொல்லிவிடும். யூடியூபில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது.

முருகேசன் (செயலாளர்): நாளை காலை 6 முதல் 8 வரை மெட்ரோ தண்ணீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும்.

சேகர் சார் ஏ1: கார்த்திக், ஆப் பேர் சொல்லும், அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் தடுமாறுவது பேரில் இல்லை. தை மாதம் தலைக்கு மேல் நின்ற ஓரியன் நட்சத்திரக் கூட்டம் ஆடி மாதம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஏன் காணோம்? எல்லா நட்சத்திரமும் நகரும்போது துருவ நட்சத்திரம் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது? இதை நேரில் பார்க்க ராத்திரி முழுக்க, வருஷம் முழுக்க மாடியில் காவல் இருக்க வேண்டும். கோளரங்கத்தில் ஒரு ராத்திரியை இரண்டே நிமிஷத்தில் ஓட்டிக் காட்டலாம். உச்சியில் இருக்கிற ஓரியன் கண் முன்னாலேயே மேற்கில் இறங்கும்.

சேகர் சார் ஏ1: வகுப்பில் நான் உருண்டையும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிற பாடம் அது.

கார்த்திக் சி3: அதையும் ஆப்பில் விரலால் தள்ளினால் ஓடுகிறதே சார்.

சேகர் சார் ஏ1: ஓடும். ஆனால் உள்ளங்கை அளவு ஜன்னலில் ஓடும். கிழக்கு எது, உச்சி எது என்று பிள்ளை தலையைத் திருப்பித் தேடினால்தான் திசை மண்டையில் ஏறும். அங்கே கூரையே 15 மீட்டர் அகலக் குவிமாடம், சீட்டைச் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். மித்ராவைக் கேட்டுப் பாருங்கள், வடக்கு எந்தப் பக்கம் என்று.

கார்த்திக் சி3: கேட்டேன். "வை-ஃபை ரூட்டர் இருக்கிற பக்கம்" என்கிறாள்.

கீதா பி2: எங்கள் வீட்டில் அந்தப் பதிலும் வராது.

ரங்கன் மாமா சி1: ஞாயிற்றுக்கிழமை மகா சிவராத்திரி. நான் கபாலீஸ்வரர் கோவிலில் இருப்பேன். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சேகர் சார் ஏ1: மாமா, அது இன்னும் வசதி. அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசி அல்லவா? விடியற்காலம் வரை நிலாத் தொல்லை கிடையாது. பகலில் கோளரங்கம், அன்று ராத்திரியே மொட்டை மாடி. அரங்கில் பார்த்ததை அன்றைக்கே அசல் வானத்தில் தேடச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனால் எல்லாம் மறந்துவிடும், ஜூஸ் பாக்கெட்தான் மிஞ்சும்.

ரங்கன் மாமா சி1: அப்படியென்றால் முதல் கால பூஜை பார்த்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறேன்.

முருகேசன் (செயலாளர்): மாடிக் கதவு இரவு 9 மணிக்குப் பூட்டப்படும் என்று சங்கத் தீர்மானம் உள்ளது.

கீதா பி2: முருகேசன் சார், சிவராத்திரி சார்.

முருகேசன் (செயலாளர்): சரி. ஒரு நாள் மட்டும். தண்ணீர்த் தொட்டி மேல் யாரும் ஏறக் கூடாது.

வியாழன், பிப்ரவரி 12

ரங்கன் மாமா சி1: (பல முறை அனுப்பப்பட்டது) பிப்ரவரி 28 அன்று ஆறு கிரகங்கள் ஒரே நேர்கோட்டில்! பூமியில் பெரும் மாற்றங்கள்! பத்துப் பேருக்கு அனுப்பவும்!

சேகர் சார் ஏ1: மாமா, கிரகங்கள் எப்போதுமே வானத்தில் சூரியன் போகிற பாதையை ஒட்டித்தான் போகும். பல கிரகங்கள் ஒரே நேரத்தில் வானத்தில் இருந்தால் வரிசை மாதிரித்தான் தெரியும். அந்த ஆறில் யுரேனஸும் நெப்டியூனும் தொலைநோக்கி இல்லாமல் மந்தைவெளியிலிருந்து தெரியாது.

ரங்கன் மாமா சி1: மச்சினர் அனுப்பினார். எனக்கு ஒன்றும் தெரியாது.

ரங்கன் மாமா சி1: ஆனால் குரு மிதுனத்தில் வக்ரமாக இருக்கிறார். அது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

சேகர் சார் ஏ1: அது நூற்றுக்கு நூறு சரி. ஞாயிறு ராத்திரி மிதுன ராசியில் உங்கள் குருவை நேரிலேயே காட்டுகிறேன். கிரகம் நிஜமாகப் பின்னால் போவதில்லை. உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிற பூமி வியாழனைத் தாண்டிப் போகும்போது, நட்சத்திரங்களுக்கு எதிரில் வியாழன் பின்வாங்குவது போலத் தெரிகிறது. இரண்டு வட்டத்தையும் வரைந்து காட்டினால் ஆறாவது படிக்கிற பிள்ளைக்கே புரிந்துவிடும்.

ரங்கன் மாமா சி1: நான் ஆறாவது தாண்டியவன்தான் சேகர்.

சேகர் சார் ஏ1: மாமா, திருக்கணிதப் பஞ்சாங்கம் வந்ததிலேயே நம் ஊர் ஆள் ஒருவருக்குப் பங்கு உண்டு. சிந்தாமணி ரகுநாதாசாரி, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற, வெளிச்சம் கூடிக் குறைகிற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். கண்ணால் பார்த்த கணக்கோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் போட்டார்.

ரங்கன் மாமா சி1: அப்படிச் சொல்லுங்கள்!

ஷாஹின் பி3: நுங்கம்பாக்கத்திலா? நான் தினமும் காலேஜ் ரோடு வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன்.

சேகர் சார் ஏ1: அதே இடம்தான். இப்போது வானிலை மையம் இருக்கிற வளாகத்தில் 1792இல் நட்ட கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. அங்கிருந்துதான் வானாய்வகத் தலைவர் போக்சன் 1861இல் 'ஆசியா' என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார்.

சனி, பிப்ரவரி 14

கீதா பி2: நாளைய விவரம். போன் பண்ணிக் கேட்டு தமிழ்க் காட்சி நேரம் குறித்துக்கொண்டேன். மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை, அடுத்தது கோட்டூர்புரம். அங்கிருந்து ஆட்டோ. டிக்கெட் கவுன்டரில் வரிசை இருக்கும், அரை மணி முன்னால் போய்விடுவோம். மிச்ச நேரத்துக்கு அதே வளாகத்தில் பெரியார் அறிவியல் மையம் இருக்கிறது.

ஷாஹின் பி3: சின்னவனுக்கு நாலு வயது. இருட்டு என்றால் அழுவான். வெளியே உட்கார்ந்துகொள்ளட்டுமா?

சேகர் சார் ஏ1: விளக்கைப் பட்டென்று அணைக்க மாட்டார்கள், மெதுவாகக் குறைப்பார்கள். மேற்கே சூரியன் இறங்குவதைக் காட்டிக்கொண்டே இருட்டாக்குவது வழக்கம். கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், பயந்தால் வெளியே கொண்டுபோய்விடலாம்.

கார்த்திக் சி3: நானும் வருகிறேன். மித்ரா விடவில்லை. ஒரு சந்தேகம் சார், நடுவில் ஒரு மெஷின் இருக்குமே, அது வெறும் புரொஜெக்டர்தானா?

சேகர் சார் ஏ1: கிட்டே போய்ப் பாருங்கள். 1988இல் அரங்கம் திறந்தபோது ஜப்பானின் கோட்டோ நிறுவனத்திடம் வாங்கியது. இந்த வகைக் கருவியில் உள்ளே ஒரு விளக்கு, அதைச் சுற்றி உலோக உருண்டையில் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நுண்ணிய துளை, முன்னால் லென்ஸ். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய துளை. கிரகங்கள் இடம் மாறுகிறவை என்பதால் அவற்றுக்குத் தனித்தனி ஒளிக்குழல், பல்சக்கரத்தில் ஓடும். முதன்முதலில் 1923இல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியின் பவர்ஸ்ஃபெல்ட் என்ற இன்ஜினியர் செய்து காட்டியது. டிஜிட்டல் காட்சி பின்னால் வந்தது. டிஜிட்டலில் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே பறக்கலாம், ஆனால் ஊசிமுனை நட்சத்திரம் பழைய கருவியில்தான் என்பது என் கட்சி.

ஞாயிறு, பிப்ரவரி 15

கீதா பி2: வீடு வந்து சேர்ந்தோம். மித்ராவின் தண்ணீர் பாட்டில் என்னிடம் இருக்கிறது.

ஷாஹின் பி3: சின்னவன் அழவே இல்லை. ஆனால் ரயில் எப்போது என்று காட்சி முழுக்கக் கேட்டான்.

கார்த்திக் சி3: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளிப் படம் வீட்டிலேயே பார்க்கக் கூடியதுதான். அதற்காக இன்னொரு தடவை போக மாட்டேன். ஆனால் இன்றைய ராத்திரி வானத்தைப் போட்டு, அரங்கில் பேசியவர் அம்புக்குறி விளக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாரே, அந்தப் பகுதி வேறு. ஆள் நேரில் பேசுவதால் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

சேகர் சார் ஏ1: என் கட்சியும் அதேதான். காட்சி முழுக்க அதுவாகவே இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஸ்கூலில் இருந்து கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ராக்கெட் படம் வேண்டும் என்று கேட்காமல் இன்றைய வானம் வேண்டும் என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

கீதா பி2: வட துருவத்துக்குப் போனால் துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் என்று காட்டியதும் ஆதி "அப்போ நம் வீட்டில்?" என்று சத்தமாகக் கேட்டான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

சேகர் சார் ஏ1: கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். பதில் 13 டிகிரி. நம் ஊர் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரம். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் சுமார் 10 டிகிரி, அதற்கு மேல் இரண்டு விரல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெல்லியில் கிட்டத்தட்ட மூன்று முஷ்டி. கன்னியாகுமரியில் ஒரு முஷ்டி கூட இல்லை.

சேகர் சார் ஏ1: ராத்திரி 8 மணிக்கு மாடி. டார்ச்சில் சிவப்பு ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து.

முருகேசன் (செயலாளர்): மாடி ஃபோகஸ் லைட்டை 7.55க்கு அணைத்துவிடுகிறேன். பக்கத்து பில்டிங் லைட்டுக்கு நான் பொறுப்பில்லை.

இரவு 9.20

ஷாஹின் பி3: அம்மா, அத்தை எல்லாரும் கீழே போய்விட்டார்கள். வராதவர்களுக்காக எழுதுகிறேன், நிலோஃபர் சொல்லச் சொல்ல. தலைக்கு மேலே கிழக்கே தள்ளி, மினுக்காமல் நின்றது வியாழன். ஓரியனின் தோளில் சிவப்பாக இருந்தது திருவாதிரை. மேற்குப் பக்கம் கார்த்திகை, ஆறு எண்ண வேண்டியதில் எங்களுக்கு நாலுதான் தெரிந்தது. கார்த்திக் அண்ணன் பைனாகுலரில் பார்த்தால் எண்ணவே முடியவில்லை.

ரங்கன் மாமா சி1: சிவராத்திரி அன்று ஆதிரையானின் ஆதிரையையே பார்த்தாயிற்று. கார்த்திகை தீபத்தன்று நிலா ஏன் கார்த்திகைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று மித்ரா கேட்டாள். பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதுதானே மாதத்தின் பேர், சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம் என்றேன். இத்தனை வருஷம் நாள்காட்டியில் படித்ததை இன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன்.

கார்த்திக் சி3: கார்த்திகையின் வெளிச்சம் இங்கே வந்து சேர சுமார் 440 வருஷம் என்று சார் சொன்னதும் மித்ரா கணக்குப் போட்டாள். ஜார்ஜ் கோட்டை கட்டுவதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சமாம்.

ரங்கன் மாமா சி1: கோட்டை இல்லாவிட்டால் என்ன, மயிலாப்பூர் இருந்தது.

சேகர் சார் ஏ1: தெற்கே தொட்டிக்கு மேல் தனியாக ஒன்று பளிச்சென்று இருந்ததே, அது அகத்தியர், இங்கிலீஷில் கானோபஸ். சிரியஸுக்கு அடுத்தபடி ராத்திரி வானத்தில் பிரகாசமான நட்சத்திரம். லண்டனில் இருக்கிறவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கு இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்கிறது.

கீதா பி2: துருவ நட்சத்திரம்தான் கடைசி வரை சிக்கவில்லை. ஆதி கையை நீட்டி முஷ்டி வைத்த இடத்தில் பக்கத்து பில்டிங் செல்போன் டவர்.

ஷாஹின் பி3: அடுத்த வாரம் ரமலான் பிறை பார்க்க நாங்கள் எப்படியும் மாடிக்கு வருவோம். பிள்ளைகள் வரலாம். மேற்கே டவர் இல்லை.

சேகர் சார் ஏ1: மார்ச் 3 பௌர்ணமி அன்று சந்திர கிரகணமும் உண்டு. நிலா உதிக்கும்போதே கிரகணத்தோடுதான் உதிக்கும். மாலை 6.47க்கு விடும், அதனால் கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான். கிழக்கு அடிவானம் வேண்டும், பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய்விடலாம்.

ரங்கன் மாமா சி1: கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு. சுண்டல் வாங்கித் தருவதாக யாரும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கார்த்திக் சி3: சொல்லிவிட்டேன் மாமா.

இரவு 11.40

கீதா பி2: யாராவது விழித்திருக்கிறீர்களா? ஆதி தூங்காமல் படுத்துகிறான். சப்தரிஷி மண்டலம் பதினொன்றுக்கு மேல்தான் முழுசாக ஏறும் என்று சார் சொன்னாராம், வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததியைப் பார்த்தே ஆக வேண்டுமாம். மாடிச் சாவி யாரிடம்?

முருகேசன் (செயலாளர்): சாவி கதவிலேயே இருக்கிறது. நானும் இங்கேதான் இருக்கிறேன். வரும்போது மோட்டார் சுவிட்சில் கை வைத்துவிட வேண்டாம்.