மறு: முழங்கை ‘எலும்பு முள்’ – வேறு சொல் வேண்டுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

தேய்ந்த மூட்டின் ஓரத்தில் புதிதாக முளைக்கும் எலும்பை ஆங்கிலத்தில் ஆஸ்டியோஃபைட் என்பார்கள். நம் அகராதியில் அதற்குத் தமிழ்ச் சொல்லாக ஐயா முன்வைத்த ‘எலும்புத் துருத்தி’ எனக்குச் சரிப்படவில்லை. துருத்தி என்றதும் எங்கள் பக்கம் கொல்லன் உலைதான் நினைவுக்கு வரும். ‘எலும்பு வளர்ச்சி’ அதைவிட மோசம். அறிக்கையில் ‘வளர்ச்சி’ என்று பார்த்தால் கட்டியோ புற்றோ என்று வீடே கலங்கிவிடும்.

மிஞ்சுவது ‘எலும்பு முள்’. ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பலர். என் தகராறே அதில்தான்.

நான் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன். காலமெல்லாம் கல்லுடைத்த ஒருவர் எக்ஸ்ரே படத்தை நீட்டி, “கைமுட்டுல முள்ளு இருக்காம் சாரே, பிடுங்கிப் போட்டா தீருமா?” என்றார். சட்டையின் மேல் பொத்தானுக்கு அவர் கை எட்டவில்லை. கழுத்தைக் குனிந்து முன்னால் கொண்டுவந்துதான் போட்டார். நீட்டினாலும் கை முழுக்க நீளவில்லை. இடைப்பட்ட அசைவில் வலி கிடையாது. மடக்கின கடைசியிலும் நீட்டின கடைசியிலும் மட்டும் சுரீரென்றது.

காரணம் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. மேற்கை எலும்பின் அடியில் முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. கையை மடக்கினால் முன்கை எலும்பின் முன்முனை முன்குழியில் இறங்கும். நீட்டினால் பின்முனை பின்குழியில் இறங்கும். குருத்தெலும்பு தேயும்போது மூட்டோரத்தில் உள்ள எலும்புறையின் செல்கள் புதிதாகக் குருத்தெலும்பை உண்டாக்குகின்றன. அது பிறகு எலும்பாக இறுகுகிறது. இந்த முனைகளிலும் குழி விளிம்புகளிலும் அப்படி முளைத்துவிட்டால், நிலையிடுக்கில் கல் சிக்கிய கதவு மாதிரி கடைசிவரை போகாது.

ஆக, அது வெளியிலிருந்து தைத்தது அல்ல, தேய்ந்த மூட்டு தானே முளைக்கவிட்டது. ‘முள்’ என்ற பெயரோ பிடுங்கினால் போயிற்று என்று வைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. படத்தில் தெரிகிற எல்லாமே வலிப்பதும் இல்லை. வைத்தியம் என்றால் முதலில் வேலையை மாற்றிச் செய்யப் பழகுவது, வலி மாத்திரை, பயிற்சி, சிலருக்கு மூட்டுக்குள் ஊசி. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30 பாகையிலிருந்து 130 பாகை வரை (முழுக்க நீட்டிய கை 0 பாகை) அசைந்தால் போதும் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் மோரி குழுவினர் 1981இல் அளந்து காட்டினார்கள். என் நோயாளிகளுக்கு நான் சொல்வதும் அந்தக் கணக்குதான். உடைந்த துணுக்கு மூட்டுக்குள் மிதந்து கை பூட்டிக்கொண்டால், அல்லது மடக்கம் குறைந்துகொண்டே போனால், நுண்துளை அறுவையில் சீவி எடுப்பார்கள். எடுத்தாலும் தேய்மானம் அங்கேயேதான் இருக்கும், பிறகும் முளைக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் மட்டும் தாமதிக்கக் கூடாது; உள்பக்கத்தில் ஓடும் அல்னார் நரம்பு நெருக்கப்படலாம்.

என் முன்மொழிவு: எலும்பு முளை. ஆஸ்டியோஃபைட் என்பதன் பின்பாதி கிரேக்கத்தில் செடியைக் குறிப்பது, அதற்கும் ஒத்துவருகிறது. இன்னொரு வசதியும் உண்டு. மேற்கையின் பின்தசையை எலும்போடு கட்டும் நாண், முழங்கை நுனியில் வந்து ஒட்டும் இடத்திலும் கூராக ஒன்று வரும். அது மூட்டுத் தேய்மானத்தால் வருவதல்ல, நாண் இழுப்பால் வருவது. பலருக்கு வலியே இருக்காது; மேசையில் கையூன்றினால் உறுத்தும், அதற்கு மெத்தைத் துணி வைத்தாலே பாதி தீரும். இரண்டுக்கும் ஒரே ‘முள்’ என்றால் வைத்தியமும் குழம்பும். முன்னதை மூட்டுமுளை என்றும் பின்னதை நாண்முளை என்றும் பிரிக்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் கைமுட்டு பிடித்தால் முதலில் எண்ணெய் போட்டு நீவும் உழிச்சில்தான். மெல்ல உழிவதில் எனக்குப் பகையில்லை. ஆனால் அடிபட்ட முழங்கையை வலுவாக இழுத்து நீட்டினால் தசைக்குள்ளேயே எலும்பு உருவாகிவிடக்கூடும். அதையும் ‘எலும்பு வளந்துட்டு’ என்றுதான் சொல்வார்கள். அது முளைக் கணக்கில் சேராது. ‘தசை எலும்பாக்கம்’ என்று தனிப் பதிவாகப் போடுங்கள்.

– குலசேகரத்திலிருந்து

*

> என் முன்மொழிவு: எலும்பு முளை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடநூல்களில் எலும்புக்கு ‘என்பு’ என்றுதான் வரும். ‘என்புமுளை’ என்று ஒரே சொல்லாக எழுதினால் என்ன? மூட்டு, நாண் பிரிப்பு நல்லது. அதில் மாற்றுக் கருத்து இல்லை.

*

பிழை திருத்துகிறவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை: ‘முளை’ ஒரு நெடிலில் ‘மூளை’ ஆகிவிடும். ‘எலும்பு மூளை’ என்று அச்சாகி வந்தால் யார் பொறுப்பு?

*

மூளை பயம் நியாயம்தான் அண்ணே! ஆனால் அதற்காக முள்ளுக்குத் திரும்ப முடியாது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘என்புமுளை’யை அகராதித் தலைப்புச் சொல்லாக வைப்போம். நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் நான் ‘எலும்பு முளை’ என்றே எழுதுவேன். இங்கே ‘என்பு’ என்றால் திருக்குறள் படித்தவர்களுக்கு மட்டும்தான் புரியும். ‘முழங்கை’ என்பதற்குப் பக்கத்திலும் ‘கைமுட்டு’ என்று எழுதப்போகிறேன், யாரும் வெட்டிவிடாதீர்கள். அடுத்து, மூட்டுக்குள் மிதக்கும் துணுக்குக்குப் பெயர் வேண்டும். ‘மிதவை’ என்று தொடங்கிவைக்கிறேன்.