மறு: கமர்ஷியல் குவான்டிட்டி – தமிழில் என்ன சொல்வது?

> 'வணிக அளவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. செய்திகளில் ஏற்கெனவே ஓடுகிறது.

ஐயா, வணக்கம்.

போதைப்பொருள் வழக்குகளில் வரும் 'கமர்ஷியல் குவான்டிட்டி'க்கு அந்தச் சொல் ஓடுகிறதுதான். ஆனால் 'வணிக அளவு கஞ்சா' என்று படிக்கிறவர், விற்றதை நிரூபித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டுபோவது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. தண்டனையைப் பிரிப்பது தராசு. மூட்டையில் கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால், ஒரு பொட்டலம்கூட விற்காதவர் என்றாலும் கமர்ஷியல்தான்.

2001 திருத்தத்தில் வந்த படிகள் இவை. கஞ்சா 1 கிலோவுக்குள் என்றால் ஓராண்டு வரை (2014 திருத்தத்துக்கு முன் ஆறு மாதம் வரை) கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், கமர்ஷியலுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டு வரை, அபராதம் 1 லட்சம் வரை. கமர்ஷியல் என்றால் குறைந்தது 10, அதிகம் 20 ஆண்டு; 10க்குக் கீழே நீதிபதி நினைத்தாலும் இறங்க முடியாது. ஜாமீனுக்கும் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இன்னொன்று: சட்டம் சொல்வது 20 கிலோவுக்கு 'மேல்'. சரியாக 20 கிலோ இருந்தால் அது நடுப்படிதான்.

அந்த நடுப்படிக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது, சுற்றிவளைத்துத்தான் சொல்கிறது. வக்கீல்கள் 'இன்டர்மீடியட்' என்று சமாளிக்கிறார்கள். அதனால் மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கலாம் என்று பார்க்கிறேன்: சிற்றளவு, இடையளவு, பேரளவு.

> பேரளவு என்றால் லாரி லோடு ஞாபகம் வருகிறது. ஹெராயினுக்கு எல்லை 250 கிராம்தானே? கையில் அடங்கிவிடும். தவிர, சட்டம் 'கமர்ஷியல்' என்று எழுதியிருக்கும்போது அதைத் திருத்த நாம் யார்?

முதல் கேள்விக்கு: பெருங்காயத்திலும் 'பெரு' இருக்கிறது, போடுவது ஒரு சிட்டிகைதான். எந்தப் பொருளுக்கு எது பேரளவு என்பதை அரசின் அட்டவணை சொல்லிவிடுகிறது. ஹெராயினில் சிற்றளவு எல்லையே 5 கிராம்தான். இரண்டாவது நியாயமான கேள்வி. சட்டப் பிரிவை அப்படியே பெயர்க்கும் இடத்தில் 'வணிக அளவு' இருந்துவிட்டுப் போகட்டும். தீர்ப்புச் சுருக்கம், செய்தி, பாடநூல் இங்கெல்லாம் பேரளவு என்றே எழுதுவேன்.

அப்புறம், இதைவிடச் சிக்கலான சொல் ஒன்று காத்திருக்கிறது: 'நியூட்ரல் சப்ஸ்டன்ஸ்', அதாவது போதைப்பொருளோடு கலக்கும் போதை இல்லாத பொருள். 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் பிடிபட்டது 4 கிலோ சொச்சம். அதில் ஹெராயின் 1.4 முதல் 1.6 சதவீதம்தான். உச்ச நீதிமன்றம் சுத்தமான ஹெராயினை மட்டும் கணக்கில் எடுத்தது. அது சுமார் 60 கிராம், ஆக இடையளவு. 2020இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலந்த பொருளையும் சேர்த்து மொத்த எடையையே பார்க்கவேண்டும் என்றது. அதே சரக்கு இன்று பிடிபட்டால் பேரளவு.

இவ்வளவு தூரம் ஆளைத் தூக்கிப்போடுகிற அந்தக் கலந்த மாவை 'நடுநிலைப் பொருள்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். ஏதோ தேர்தல் பார்வையாளர் மாதிரி இருக்கிறது. 'கலப்புப் பொருள்' என்றால் கலவை முழுவதையும் குறிப்பதாகக் குழப்பும். மருந்துக் கடைப் பேச்சில் இருக்கும் 'சேர்மானம்' எனக்குப் பிடிக்கிறது: கலவை என்பது முழுச் சரக்கு, சேர்மானம் என்பது அதில் போதை இல்லாத பங்கு. வேதியியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்தச் சொல்லை உங்கள் துறை வேறு எதற்காவது எடுத்துக்கொண்டுவிட்டதா?